உலர் உக்கல்

வீட்டு மரத்துக்குப் பகை யாது என்று யாழ்ப்பாணத்தில் எவரைக் கேட்பினும் கறையான் என்றே விடை வரும். நிலை நாட்டும்போதும் வளை ஏற்றும்போதும் வீடு கட்டுவோனின் நினைவில் நிற்பது அதுவே. வைரம் பாய்ந்த பனையையும் பாலையையும் முதிரையையும் நம் முன்னோர் தேடியெடுத்தமைக்கு அவ்வச்சமும் ஒரு காரணமாகும். ஆயினும் கறையான் தன் வரவை முற்றாக மறைப்பதில்லை. சுவரிலே மண்ணாற் புற்றுவழி சமைத்துக்கொண்டே அது ஏறுகின்றது, கண்ணுள்ளவன் கண்டுகொள்வான்.

குளிர்நாடுகளில், சிறப்பாகப் பிரித்தானியாவில், வீட்டு மரத்துக்கு வேறொரு பகை உண்டு. அது பூச்சியன்று; காளான் இனத்தைச் சேர்ந்தது. தளப்பலகையின் கீழே, ஒளியும் காற்றும் புகாத வெளியில், ஓசையின்றி அது வளர்கின்றது. வீட்டிலுள்ளோர் அதன்மேல் நடந்தும் உண்டும் உறங்கியும் வாழ்ந்திருப்பர். ஒருநாள் பலகை கால்வழியே அமிழும்போதுதான் உண்மை வெளிப்படும். ஆங்கிலர் இதனை உலர் உக்கல் என்னும் பொருள்படும் பெயரால் வழங்குவர். நம் நாட்டிலிருந்து சென்று இலண்டன் மாநகரில் நூறாண்டு கடந்த பழைய வீடுகளை வாங்கிக் குடியிருப்போர் இன்று பலராதலின், இந்நோயின் இயல்பை அறிந்துகொள்ளுதல் நமக்கும் புறம்பான செய்தியன்று.

யான் இதனை நேரிற் கண்டது 2016 ஆம் ஆண்டின் மாரிகாலத்தில். என் தம்பி கிழக்கு இலண்டனில், 1890களில் வரிசையாகக் கட்டப்பட்ட வீடுகளுள் ஒன்றை வாங்கியிருந்தான். அங்குச் சென்ற முதல்நாளே சமையலறையில் ஒரு மணம் வீசிற்று. மழைக்காலத்தில் உக்கிய தென்னங்குற்றியைப் புரட்டினால் எழும் மணம் போன்றது அது. மைத்துனி ஒவ்வொரு காலையும் மேசையில் படிந்த செந்தூளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பழைய வீடாதலால் செங்கற்பொடி உதிர்கின்றது என்பது அவள் எண்ணம். விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். செங்கற்பொடி நறநறக்கும், இது மாவினும் மென்மையாய் விரலோடு ஒட்டிக்கொண்டது. தாவரவியல் படிப்பித்தவனுக்கு அதற்குமேல் ஐயம் எழ இடமில்லை. அது காளானின் வித்தித்தூள்.

சுவரோரத்துப் பலகைகள் இரண்டைப் பெயர்த்து மின்சூளினைக் கீழே செலுத்தினோம். ஆங்குக் கண்டது எளிதில் மறக்கற்பாலதன்று. பஞ்சை விரித்தாற்போன்ற வெண்படலம் தீராந்திகளைப் போர்த்திருந்தது. இடையிடையே எலுமிச்சைமஞ்சள் திட்டுகள். செங்கற்சுவரின்மேல் சாம்பல்நிற நரம்புகள், சில பென்சிற் கனத்தன, கிளைத்துக் கிளைத்து ஓடின. சுவரும் மரமும் கூடும் மூலையிலே அப்பம்போற் பரந்த சதைப்பற்றான ஓர் உடல். நடுவே துருச்சிவப்பு, விளிம்பிலே வெண்மை. படலத்தின்மேல் ஆங்காங்கே தெளிந்த நீர்த்துளிகள் விளக்கொளியில் மின்னின. கறையானுக்கு இது உறவோ என்று தம்பி கேட்டான். உறவில்லை, ஆயினும் உணவு ஒன்றே என்றேன்.

அந்நீர்த்துளிகளே இக்காளானுக்குப் பெயர் தந்தன. 1781 இல் இதனை முதன்முதல் விவரித்து இலத்தீன் பெயரிட்ட வுல்பென் என்னும் அறிஞர், கண்ணீர் விடுவது என்னும் பொருளில் இலக்கிரிமன்சு என்றார். இக்காலத்து அறிவியலார் செர்ப்புலா இலக்கிரிமன்சு என வழங்குவர். ஆங்கிலப் பெயர் உலர்வைக் குறிக்க, இலத்தீன் பெயர் கண்ணீரைக் குறிக்கின்றது. இவ்விரண்டனுள் உண்மைக்கு அணித்தானது இலத்தீன் பெயரே. உலர் உக்கல் என்பது நோய் தின்றுமுடித்தபின் எஞ்சும் மரத்தின் தோற்றத்தைக் கண்டு எழுந்த பெயர். அம்மரம் கபிலநிறமாய், எடை குன்றி, நீளவாட்டிலும் குறுக்கிலும் வெடித்துச் சிறுசிறு கட்டிகளாய்ப் பிளந்து, கையால் நெரித்தால் தூளாகும். நோய் தொடங்குதற்கோ நீர் இன்றியமையாதது. பெயரைக் கண்டு மயங்கி, உலர்ந்த மரத்தையும் இது தாக்கும் என எண்ணி அஞ்சுவோர் இன்றும் உளர். அவ்வச்சத்தால் வாழும் வணிகரும் உளர்.

மரம் எங்ஙனம் உக்குகின்றது என்பதைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். மரத்தின் உடல் பெரும்பாலும் செலுலோசும் இலிக்னினும் கொண்டது. சீமெந்துக் கட்டடத்தில் இரும்புக் கம்பி நின்று தாங்குமாப்போலச் செலுலோசு இழைகள் மரத்துக்கு வலிமை தருவன. இலிக்னின் அவற்றைச் சூழ்ந்த சாந்து போல்வது. இக்காளான் செலுலோசை உண்டு இலிக்னினைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றது. ஆதலால் வடிவம் நிற்க வலிமை போகின்றது. 2011 இல் இதன் மரபணுத்தொகுதி முழுமையும் படித்து வெளியிடப்பட்டபோது, இலிக்னினைச் சிதைக்கும் நொதியங்கள் பலவற்றை இவ்வினம் கூர்ப்பின்போக்கில் இழந்துவிட்டமை புலனாயிற்று. பெருஞ்செலவான கருவிகளைக் கைவிட்டு, இரும்பின் துணைகொண்டு தாக்குதிறன் மிக்க மூலிகங்களைப் பிறப்பித்து, அவற்றால் செலுலோசை நொறுக்கிப் பின் உண்ணுதலே இதன் வழி.

இக்காளான் மனிதனின் வீட்டை இத்துணை விரும்புவதேன் என்னும் வினாவுக்கும் வேதியியலே விடை கூறும். உண்ணும்போது இது ஒட்சாலிக்கமிலத்தைச் சுரக்கின்றது. அவ்வமிலம் மிகுமாயின் சுரந்ததற்கே கேடாகும். சுண்ணாம்புச் சாந்திலும் சுவர்ப்பூச்சிலும் உள்ள கல்சியம் அம்மிகையை அடக்குகின்றது. செங்கல்லிலும் சாந்திலும் உள்ள இரும்பும் அதற்கு உதவுகின்றது. மரமும் சுண்ணச்சுவரும் அடுத்தடுத்து நிற்க, இடையே ஈரமும் அசையாக் காற்றும் அமைந்த இடம் காட்டில் அரிது. பழைய வீட்டின் தளத்தின் கீழோ அது எளிது. காட்டிலே இக்காளான் இமயமலையின் உயர்சாரல்களிலுள்ள ஊசியிலைக் காடுகள் போன்ற சிலவிடங்களிலேயே காணப்பட்டுள்ளது. 2007 இல் வெளிவந்த மரபியல் ஆய்வொன்று, ஆசியப் பெருநிலத்தின் குளிர்ந்த காடுகளே இதன் பிறப்பிடம் என்றும், ஆங்கிருந்து பரவிய மிகச் சில மூலங்களின் வழித்தோன்றல்களே ஐரோப்பிய வீடுகளிற் காணப்படுவன என்றும் காட்டிற்று. கப்பலேறி வந்த மரத்தோடு இதுவும் ஏறியிருத்தல் கூடும்.

கப்பல் என்றவுடன் ஆங்கிலக் கடற்படையின் கதை நினைவுக்கு வருகின்றது. 1680களில் கடற்படைச் செயலாளராயிருந்த சாமுவேல் பீப்சு, புதிதாகக் கட்டிய கப்பல்களின் அடித்தட்டுகளில் தம் கைமுட்டியளவு பெருத்த காளான்களைத் தாமே பறித்ததாக எழுதிவைத்தார். 1810 இல் தெற்போட்டிலே வெள்ளோட்டம் விடப்பட்ட குயின் சாளற் என்னும் பெரும் போர்க்கப்பல், கடலிற் பணி தொடங்குமுன்பே உக்கிற்று. அதனை ஆராயத் தாவரவியலாளரும் ஓவியருமாகிய யேம்சு சவர்பி அழைக்கப்பட்டார். போர்க்கால அவசரத்தில் பச்சைமரத்தை அறுத்துக் காற்றோட்டமின்றி அடைத்துக் கட்டியமையே கேட்டின் வேர். கப்பல்களைத் தின்றவை அனைத்தும் வீட்டுக்காளானே என்று கொள்ளலாகாது. பலவினக் காளான்களை ஒருபெயராற் குறித்தனர் அக்காலத்தார். அவ்வாண்டுகளிற் கருவாலிமரம் அருகியதால் பம்பாயிலே இந்தியத் தேக்கைக் கொண்டு கப்பல் கட்டும் வழக்கமும் வளர்ந்தது. 1817 இல் அங்ஙனம் கட்டப்பட்ட ஒரு போர்க்கப்பலுக்கு நம் திருகோணமலையின் பெயரை இட்டனர். அது இன்றும் இங்கிலாந்தின் ஆட்டில்பூல் துறையில் நீரில் மிதந்தபடி காட்சிப்பொருளாய் நிற்கின்றது. தேக்கின் வைரத்திலுள்ள நெய்ப்பொருள்களைக் காளான் எளிதில் வெல்லுவதில்லை.

இனி வீட்டுத் தளத்துக்கு மீள்வோம். பிரித்தானியாவின் பழைய வீடுகளில் கீழ்மாடித் தளம் நிலத்தின்மேல் நேரே இடப்படுவதில்லை. நிலத்துக்கும் தளத்துக்கும் இடையே ஒரு வெளி விடப்படும். குட்டைச் சுவர்களின்மேல் நீளக் கிடத்திய மரங்கள், அவற்றின்மேற் குறுக்கே தீராந்திகள், தீராந்திகளின்மேற் பலகைகள் என்பது முறை. அவ்வெளியிற் காற்று உலாவுதற்காக வெளிச்சுவரின் அடியில் துளையுள்ள செங்கற்களைப் பதித்தனர். நிலத்தீரம் சுவரில் ஏறாவண்ணம் கற்பலகையாலேனும் தாராலேனும் ஒரு தடைப்படையும் இட்டனர். இவ்வமைப்பு மிக நன்று. கட்டியவர்களின் அறிவிற் குறை காண யான் ஒருப்படேன். பின்வந்தோர் செய்தவையே குறை. பூம்பாத்தி உயர்த்துவோன் மண்ணைத் துளைகளின்மேற் குவிப்பான். குளிர்காற்று வருகின்றதென்று ஒருவன் துளைகளைச் சாந்தால் அடைப்பான். இன்னொருவன் சுவரோரமாகக் கொங்கிறீற்றுப் பாதை இட்டு ஈரத்தடையையும் தாண்டி நிலமட்டத்தை உயர்த்துவான். 1939 முதல் 1945 வரை நடந்த போரின்போதும் அதன்பின்னும், குண்டுவீச்சாற் கூரை சிதைந்து, பீலி உடைந்து, ஆளின்றிப் பூட்டிக்கிடந்த இலண்டன் வீடுகளில் இந்நோய் பெருகியது. எவ்விடத்தும் முதற் குற்றவாளி நீரும் அடைபட்ட காற்றுமே.

எண்களாற் கூறின் இது இன்னும் தெளிவாகும். மரத்தின் உலர்நிறையில் நூற்றுக்கு 20 பங்குக்குக் குறைவாக நீர் இருக்குமாயின் இக்காளான் அதனிற் பற்றி வளராது. வித்தி முளைத்தற்கு 30 பங்களவு வேண்டும். வெப்பநிலை ஏறத்தாழச் சதமவளவை 20 பாகையில் இது செழிக்கும். 26 பாகைக்கு அப்பால் வளர்ச்சி ஒடுங்கும். 40 பாகைக்கு மேல் நீடித்த சூட்டில் மடியும். ஆண்டு முழுவதும் சராசரி வெப்பநிலை 25 பாகைக்குக் கீழிறங்குதல் அரிதான யாழ்ப்பாணத்தில் இது குடியேறாமைக்குக் காரணம் ஈதே. நம் வீடுகளில் ஒழுக்குள்ள இடத்தில் தீராந்தி நுனி உக்குவதில்லையா எனின், உக்கும்; அது வேறு காளான்களின் வேலை, ஒழுக்கு நின்றால் பெரும்பாலும் நிற்பது.

உலர் உக்கலின் தனிச்சிறப்பு அதன் நரம்புகளில் உள்ளது. அவை நீரும் உணவும் கடத்தும் குழாய்கள். மரமற்ற செங்கற்சுவரையும் சாந்தையும் ஊடுருவி, அப்பாலுள்ள மரத்தைத் தேடிச் செல்லும் ஆற்றல் அவற்றால் வருகின்றது. உகந்த நிலையில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மீற்றர் தூரம் பரவும். மேலும், செலுலோசு முற்றாய்ச் சிதைந்தால் 162 கிராமிலிருந்து 90 கிராம் நீர் பிறக்கும் என்பது எளிய வேதியியற் கணக்கு. இவ்விரண்டையும் சேர்த்து, காளான் தனக்கு வேண்டிய நீரைத் தானே ஆக்கிச் சுமந்து எங்கும் செல்லவல்லது, ஆதலால் வீடு முழுவதையும் பிரித்தெறிதலே வழி என்று கூறுவோர் பலர். கணக்கு சரியே, முடிவு சரியன்று. அங்ஙனம் பிறந்த நீரும் கடத்திய நீரும் அடைபட்ட வெளியிலேதான் தேங்கும். காற்று உலாவும் இடத்தில் அது ஆவியாகிப் போகும், நரம்பும் வாடும். பிறப்பிடத்து ஈரத்தை அறுத்தால் நெடுந்தூரப் பயணமெல்லாம் முடிவுறும்.

தம்பியின் வீட்டில் இவ்விரு கருத்துகளும் நேருக்குநேர் மோதின. முதலில் வந்தது மருந்தடிக்கும் நிறுவனமொன்று. அதன் ஆள் கால்மணிநேரம் பார்த்தார். ஈரம் எங்கிருந்து வருகின்றதெனக் கேட்கவுமில்லை, வெளியே சென்று சுவரைச் சுற்றிப் பார்க்கவுமில்லை. கீழ்மாடித் தளம் முழுவதும் பெயர்க்கப்படும், சுவர்ப்பூச்சு உரிக்கப்படும், சுவரெங்கும் துளையிட்டு நஞ்சு செலுத்தப்படும் என்றார். அவர் கேட்ட தொகை தம்பியின் அரையாண்டுச் சம்பளத்தை விழுங்கும். மைத்துனி அன்றிரவே நகைகளை எண்ணத் தொடங்கிவிட்டாள். சிறு பிள்ளைகள் இருவர் உள்ள வீட்டில் அத்துணை நஞ்சைச் சுவரில் ஏற்றுவதும் என் மனத்துக்கு ஒவ்வவில்லை.

மருந்து விற்காத, கட்டட ஆய்வுக்கு மட்டும் கூலி பெறும் ஒருவரைத் தேடி அழைத்தோம். அவர் வந்தவுடன் மழையங்கியோடு வெளியேதான் நின்றார். பின்சுவரின் பீலி மூட்டு விலகி, மழைநீர் சுவர்வழியே வழிந்ததைக் காட்டினார். முன்னைய உடைமையாளர் இட்ட கொங்கிறீற்றுப் பாதை துளைச்செங்கற்கள் மூன்றையும் மூடியிருந்தமையைக் கோலாற் சுரண்டிக் காட்டினார். பிறகு உள்ளே வந்து, ஈரமானியின் இரு ஊசிகளை ஒவ்வொரு தீராந்தியிலும் குத்திக் குத்தி எண்களைத் தளத்திலே சுண்ணக்கட்டியால் எழுதிக்கொண்டு சென்றார். சமையலறைப் பின்சுவரில் 30க்கு மேல், அறையின் நடுவே 22, முன்னறையில் 14. முன்னறைப் பலகைகளைத் தொடவேண்டா என்றார். தம்பிக்கு முழுநம்பிக்கை வரவில்லை. நோயை உள்ளே விட்டுவைக்கின்றோமோ என்னும் அச்சம் எனக்கும் சிறிது இருந்தது என்பதை மறைத்தல் தகாது.

செய்த வேலை இதுவே. முதலிற் பீலி திருத்தப்பட்டது. சுவரோரத்துக் கொங்கிறீற்றை ஒரு சாண் அகலத்துக்கு வெட்டிச் சால் கோலி, நிலமட்டத்தை ஈரத்தடைக்குக் கீழே 150 மில்லிமீற்றராகத் தாழ்த்தினர். துளைச்செங்கற்கள் புதிதாய்ப் பதிக்கப்பட்டன. சுவரின் ஒவ்வொரு மீற்றர் நீளத்துக்கும் 1500 சதுர மில்லிமீற்றர் திறப்பு வேண்டும் என்பது அந்நாட்டு விதி. எதிரெதிர்ச் சுவர்களில் இருந்தாலன்றிக் காற்று ஓடாது. இவற்றின்பின்னரே மரத்திற் கைவைத்தனர். உக்கிய தீராந்தி நுனிகளையும், அதற்கப்பால் நலமாய்த் தோன்றியதில் அரைமீற்றரளவையும் அறுத்தெடுத்து, உறையிலிட்டுக் கட்டி வெளியேற்றினர். வித்தி பறக்குமென்று வீட்டினுள் இழுத்துச் செல்ல விடவில்லை. ஓரிரு கோடி வித்திகள் எப்படியும் காற்றில் உள்ளனவே என்று ஆய்வாளர் நகைத்தபோதும் மைத்துனி இதில் விட்டுக்கொடுக்கவில்லை. பூச்சை உரித்து, சுவரிலோடிய நரம்புகளைக் கம்பித்தூரிகையால் தேய்த்தகற்றினர். நுனி பழுதான தீராந்திகளுக்கு, அழுத்தத்தால் மருந்தூட்டிய புதுமரத் துண்டுகளைப் பக்கத்தே பொருத்தி ஆணியிறுக்கினர். அவற்றின் நுனிகளை முன்போற் சுவரினுள் புதைக்காது, சுவர்முகத்தில் அறைந்த இரும்புத் தாங்கிகளில் அமர்த்தினர். மரம் ஈரச்சுவரைத் தொடாமையே இதன் நோக்கம். சுவருக்கு ஊசி போடப்படவில்லை. அருகிலிருந்த பழைய தீராந்திகளிற் போரக்சுச் சேர்ந்த உப்புக்கரைசலைப் பூசியதோடு மருந்து முடிந்தது.

எஞ்சியது காத்திருத்தல். அதுவே கடினமானதும். நனைந்த செங்கற்சுவர் உலர்தற்கு, 25 மில்லிமீற்றர் கனத்துக்கு ஒரு மாதம் என்று அந்நாட்டுத் தொழிலாளர் கணக்கிடுவர். ஒன்பதங்குலச் சுவருக்கு ஒன்பது மாதம். அதுவரை பூச்சுப் பூசலாகாது. சுவரடிப் பலகை பொருத்தலாகாது. தளத்தை விரிப்பால் மூடலாகாது. சூட்டையும் காற்றுவிசிறியையும் இட்டு விரைவுபடுத்துதல் ஓரளவே கூடும். உயிரோடு எஞ்சிய இழைகளோ 20 பாகையளவு வெப்பத்தில் ஓராண்டளவும், குளிரிற் பல ஆண்டும் உறங்கிக்கிடக்க வல்லன. அவ்வாண்டு முழுவதும் மைத்துனி, பாதித்தளம் திறந்து கிடந்த சமையலறையில் மரப்பலகை இரண்டைப் பாலமாக இட்டு நின்று சமைத்தாள். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாயிற்று, அவளுக்கு ஆகவில்லை. முழுவதையும் பெயர்த்திருந்தால் ஒரு மாதத்தில் முடிந்திருக்கும் என்று அவள் என்னிடம் தொலைபேசியிற் கூறியதுண்டு. அதற்கு யான் மறுமொழி சொல்லவில்லை.

மரத்தை அறுத்துச் சுவரைச் சுரண்டி வீட்டை மூடிவைத்துக் காத்திருக்கும் இம்முறை புதியதும் அன்று. கிறித்தவரும் யூதரும் போற்றும் லேவியராகமத்தில் வீட்டுக்கு வரும் தொழுநோய் என ஒன்று கூறப்படுகின்றது. அதிற் குரு வந்து பார்த்து, வீட்டை ஏழுநாள் பூட்டி, பழுதான கற்களைப் பெயர்த்து, சாந்தைச் சுரண்டி அப்புறப்படுத்தி, மீண்டும் தோன்றினால் வீட்டையே இடிக்கும்படி விதிக்கின்றார். அது உலர் உக்கலே என்று எழுதினோர் சிலர். வெப்பமான அந்நாட்டில் இக்காளான் வாழ்ந்திருக்கும் என்று யான் கருதவில்லை. சுவரிற் படியும் பூஞ்சணமாதல் கூடும். ஆயினும் ஏழுநாள் கழித்து மீண்டும் வந்து பார் என்னும் விதி, முதல்நாளே முழுவீட்டையும் பிரிக்கச் சொன்ன மனிதரை நினைக்கும்போது, எனக்குப் பெரிதும் உவப்பாகின்றது.

2017 ஆம் ஆண்டின் இறுதியிற் சுவர் பூசப்பட்டுத் தளம் மூடப்பட்டது. ஒரு மூலையிற் பலகையைத் திருகாணியால் மட்டும் பொருத்தி, வேண்டும்போது திறந்து பார்க்கும்படி விட்டிருக்கின்றனர். தம்பி ஈரமானி ஒன்று வாங்கி வைத்திருக்கின்றான். ஆண்டுக்கு இருமுறை அப்பலகையைத் திறந்து அளந்து எண்ணை எனக்கு அனுப்புவான். அடுத்த ஆண்டு மாரியில் 17 இருந்தது, அதன்பின் 15, பெரும்பாலும் அதனளவிலேயே நிற்கின்றது. இலையுதிர்காலத்தில் வெட்டிய சாலினுள் பிளேன்மரத்து இலைகள் வந்து அடைகின்றன. அவற்றை அள்ளுதல் அவனுடைய ஞாயிற்றுக்கிழமை வேலையாகியுள்ளது.